பச்சிளங் குழந்தையின் இரத்தப் பெருக்கும் உயிர்ச்சத்து ‘கே’யும்

தொப்புள்கொடி அறுத்த இடத்தில் ஒரு சொட்டு இரத்தம் கசிவதைக் கண்டால், வீட்டிலுள்ள பெரியவர்கள் ‘கொடி காய்கிறது, அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்வதுண்டு. பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியே. ஆயினும், தக்க காப்பு அளிக்கப்படாத குழந்தைகளுள் ஆயிரத்தில் சிலருக்கு அந்தச் சொட்டு நிற்பதில்லை. துணி நனைகிறது, மாற்றிய துணியும் நனைகிறது. வேறு சில குழந்தைகளுக்கு வெளியே ஒரு துளியும் தெரியாமல், குடலுக்குள்ளோ மண்டையோட்டுக்குள்ளோ இரத்தம் கசிகிறது. எடை குறையாமல், குறையேதுமின்றி, பாலும் நன்றாகக் குடித்து வந்த குழந்தைக்கு இப்படி நேர்வதே இந்நோயின் கொடுமை. இதனைத் தடுப்பதற்கு ஒரே ஓர் ஊசி போதும் என்பது மற்றொரு செய்தி. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொடர்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1894-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகர மருத்துவர் சார்ல்ஸ் டவுன்செண்டு என்பவர், பிறந்த சில நாட்களுக்குள் இரத்தப் பெருக்குக்கு உள்ளான ஐம்பது குழந்தைகளைப் பற்றி எழுதினார். ‘ஹீமோபிலியா’ எனப்படும் பரம்பரை இரத்தப் பெருக்கு நோய் அப்பொழுதே மருத்துவர்க்குத் தெரிந்திருந்தது. ஐரோப்பிய அரச குடும்பங்களில் ஆண்மக்களைப் பற்றித் தொடர்ந்த நோய் அது. டவுன்செண்டு கண்ட நோயோ ஆண், பெண் என்ற வேறுபாடின்றி வந்தது; குடும்பத்தில் வேறெவருக்கும் இல்லை; பிறந்த முதல் வாரத்தில் தோன்றியது; அந்தச் சில நாட்களைத் தாண்டிப் பிழைத்த குழந்தைக்குப் பின்னர் அது திரும்பவும் வரவில்லை. ஆகவே இது தனியானதொரு நோய் என்று அவர் முடிவு கட்டினார். முடிவு சரியானது. காரணம் மட்டும் அவருக்குப் புலப்படவில்லை.

காரணம் தெரியாத காலத்தில் மருத்துவர்கள் எந்த அளவுக்குப் போக வேண்டியிருந்தது என்பதற்கு ஒரு சான்று கூறலாம். 1908-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில், பிறந்து சில நாட்களே ஆன ஒரு பெண் குழந்தை இவ்வகை இரத்தப் பெருக்கால் வெளிறி உயிர் துறக்கும் நிலையை எய்தியது. தந்தையும் ஒரு மருத்துவரே. அலெக்சிஸ் காரெல் என்னும் அறுவை மருத்துவர் அத்தந்தையின் மணிக்கட்டு நாடியை அறுத்து, குழந்தையின் கால் நாளத்தோடு நூலால் இணைத்துத் தைத்து, தந்தையின் இரத்தத்தை நேராக மகளின் உடலுக்குள் பாயச் செய்தார். குழந்தை பிழைத்தது. இரத்தக் குழாய்களைத் தைக்கும் கலைக்காகக் காரெல் 1912-இல் நோபல் பரிசு பெற்றார். உலகில் இத்தகைய கைத்திறன் படைத்தவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? மற்றக் குழந்தைகளின் கதி என்ன? விடை காண இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. அதுவும் மருத்துவமனையில் அன்று. கோழிக்குஞ்சுகளை வளர்த்த ஓர் ஆய்வுக்கூடத்தில்!

டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில் ஹென்ரிக் டாம் என்ற ஆராய்ச்சியாளர், கோழிக்குஞ்சுகள் கொலஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருளைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்ள வல்லவையா என்று அறிய விரும்பினார். 1929-இல், கொழுப்பு முற்றிலும் நீக்கிய தீனியை அவற்றுக்கு அளித்தார். இரண்டு மூன்று வாரங்களில் குஞ்சுகளின் தோலுக்கு அடியிலும் தசைகளிலும் இரத்தம் கட்டியது. கொலஸ்டிராலைத் திரும்பச் சேர்த்தும் பயனில்லை. எலுமிச்சைச் சாறு கொடுத்தும் பயனில்லை. பசுந்தழையும் ஈரலும் கொடுத்தபோது நோய் நீங்கியது. ஆகவே, பசுந்தழையில் உள்ள ஏதோ ஒரு பொருள் இரத்தம் உறைவதற்கு இன்றியமையாதது என்று கண்டு, 1935-இல் அதற்கு ஒரு பெயரும் இட்டார்.

பெயர் வந்த வழியைச் சற்று நின்று பார்க்கலாம். மொழிபெயர்ப்பை வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அதில் ஆர்வம் மிகுதி. உயிர்ச்சத்துக்களுக்கு ஏ, பி, சி, டி, ஈ என்று வரிசையாக எழுத்து வைத்தவர்கள், திடீரென்று ‘கே’க்குத் தாவியது ஏன் என்று பலர் கேட்பதுண்டு. இரத்தம் உறைதலைக் குறிக்கும் ‘கோயாகுலேஷன்’ என்ற சொல்லை ஜெர்மானிய மொழியினரும் டென்மார்க் நாட்டினரும் ‘கே’ என்ற எழுத்திட்டுத் தொடங்குவர். ஆங்கிலேயர் ‘சி’ என்ற எழுத்திட்டுத் தொடங்குவதால், ஆங்கிலம் வழியாக அறிவியல் கற்ற நமக்கு அந்தத் தொடர்பு மறைந்துவிட்டது. இத்தகைய விபத்துகள் மொழியில் ஏராளம். ‘ஆகாசவாணி’ என்ற பெயருங்கூட, மைசூரில் 1935-இல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி தம் இல்லத்திலிருந்து நடத்திய சிறு ஒலிபரப்பு நிலையத்தின் பெயர்தானே! அது பின்னர் நாடு முழுமைக்கும் உரியதாயிற்று. அதே 1935-இல்தான் ‘கே’யும் பெயர் பெற்றது என்பது தற்செயலான ஒற்றுமை.

அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் எட்வர்டு டாய்சி என்பவர் 1939-இல் இப்பொருளைத் தூய நிலையில் பிரித்து, அதன் வேதியியல் அமைப்பையும் தெளிவாக்கினார். ஒரு வகையைக் குதிரை மசால் என்னும் தீவனப் பயிரிலிருந்து எடுத்தார். மற்றொரு வகையை அழுகிய மீன் தூளிலிருந்து எடுத்தார். முன்னது கே-1; இலைகள் ஆக்குவது. பின்னது கே-2, நுண்ணுயிர்கள் ஆக்குவது. இந்த வேறுபாட்டை நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். குழந்தையின் குடலைப் பற்றிப் பேசும்போது இது பயன்படும். டாமுக்கும் டாய்சிக்கும் 1943-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இனி, இந்தச் சத்து உடலில் செய்யும் வேலை யாது? இரத்தம் உறைதல் என்பது ஒரே செயலன்று. பத்துக்கு மேற்பட்ட புரதங்கள் ஒன்றையொன்று தூண்டி, கடைசியில் ‘பைப்ரின்’ என்னும் நுண்ணிய இழைகளாலாகிய வலையைப் பின்னுகின்றன. அந்த வலையில் இரத்த அணுக்கள் சிக்கிக் காயத்தின் வாயை அடைக்கின்றன. இப்புரதங்களுக்கு மருத்துவர்கள் எண்களால் பெயரிட்டுள்ளனர். அவற்றுள் 2, 7, 9, 10 ஆகிய நான்கும் ஈரலில் உண்டாகின்றன. உயிர்ச்சத்து ‘கே’ இல்லாவிட்டாலும் ஈரல் அவற்றைச் செய்யத்தான் செய்யும். ஆனால் அவை வேலைக்கு ஆகாதவையாக இருக்கும். ஏன் என்பது 1974-இல்தான் விளங்கியது. இப்புரதங்கள் கால்சியத்தை, அதாவது சுண்ணாம்புச் சத்தைப் பற்றிக்கொண்டு காயம்பட்ட இடத்தில் ஒட்ட வேண்டும். பற்றிக்கொள்வதற்கான கொக்கி போன்ற உறுப்பை அவற்றில் பொருத்துவது உயிர்ச்சத்து ‘கே’யின் துணையால் நடைபெறும் வேலை. மைசூர் மல்லிகையும் வாழைநாரும் கூடை நிறைய இருக்கின்றன. ஆனால் பூக்கட்டுபவளின் விரல்கள் மரத்துப் போய்விட்டன என்றால் சரம் எங்கிருந்து வரும்? சத்துக் குறைந்த குழந்தையின் இரத்தம் அத்தகையதே. எல்லாம் இருக்கும், முடிச்சு விழாது.

பெரியவர்களாகிய நமக்கு இந்தக் குறை எளிதில் வருவதில்லை. கீரைகளிலிருந்து கே-1 கிடைக்கிறது. குடலில் வாழும் நுண்ணுயிர்களும் ஓரளவு கே-2 ஆக்குகின்றன. பிறந்த குழந்தைக்கோ நான்கு வகையிலும் தட்டுப்பாடு. முதலாவது, தாயின் இரத்தத்திலுள்ள ‘கே’ நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குச் செல்வது மிக மிக அரிது. தொப்புள்கொடி இரத்தத்தில் இருப்பது தாயின் இரத்தத்தில் இருப்பதில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே. இரண்டாவது, பிறந்த குழந்தையின் குடலில் நுண்ணுயிர்கள் இன்னும் குடியேறவில்லை. மூன்றாவது, ஈரல் முதிர்ச்சி அடையவில்லை. நான்காவது காரணத்தைச் சொல்லும்போது கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாய்ப்பாலில் இச்சத்து மிகக் குறைவு.

குறைவு என்றால் எவ்வளவு? ஒரு லிட்டர் தாய்ப்பாலில் பெரும்பாலும் 1 முதல் 4 மைக்ரோகிராம் வரைதான் இருக்கிறது. ஒரு மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு கூறு. நாளொன்றுக்கு அரை லிட்டர் பால் குடிக்கும் குழந்தைக்கு, மிகுதியாகக் கணக்கிட்டாலும் 2 மைக்ரோகிராம் கிடைக்கும். பிறந்தவுடன் போடும் ஊசியில் இருப்பது ஒரு மில்லிகிராம். அவ்வளவு சத்தைத் தாய்ப்பாலிலிருந்தே பெறவேண்டுமானால் 500 நாட்கள் குடிக்க வேண்டும் என்று ஆகிறது. ‘கர்ப்ப காலம் முழுதும் முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் உண்டேன், என் பிள்ளைக்கு என்ன குறை?’ என்று கேட்கும் தாய்மார் உண்டு. கீரை உண்டது தாய்க்கு மிகவும் நல்லது. இரும்புச் சத்துக்கும் மலச்சிக்கலுக்கும் அது வேண்டும். ஆனால் நஞ்சுக்கொடி என்னும் வாயிற்காவலன் இந்தச் சத்தை உள்ளே விடுவதில்லை. சாதாரண உணவுக் கீரையால் பாலில் அது போதிய அளவு கூடுவதும் இல்லை. உரைமருந்து, வசம்பு, கருப்பட்டித் தண்ணீர் ஆகியவற்றிலும் இதற்கு வழியில்லை. குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பாலன்றி வேறெதுவும் கொடுக்க வேண்டா என்பது வேறு காரணங்களாலும் வற்புறுத்தத் தக்கது.

மைசூரில் வாழும் நம்மவர்க்குச் ‘செலுவாம்பா’ என்ற பெயர் இரு வகையில் பழக்கமானது. ஒன்று, மைசூர் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த, மகளிருக்கும் குழந்தைகளுக்கும் உரிய அரசினர் மருத்துவமனை. மற்றொன்று, மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950-இல் தொடங்கப்பெற்ற செலுவாம்பா மாளிகை. இந்த ஆராய்ச்சி நிலையந்தான் எருமைப் பாலிலிருந்து குழந்தைப் பால்மாவு தயாரிக்கும் முறையை 1950-களில் உருவாக்கியது. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு நாம் பேசும் இந்நோய் அரிதாகவே வருகிறது. ஏனெனில் இக்காலப் பால்மாவுகளில் உயிர்ச்சத்து ‘கே’யைச் சேர்த்தே விற்கின்றனர். இதைக் கேட்டவுடன் சிலர் தாய்ப்பாலை நிறுத்திப் புட்டியை எடுத்துவிடுவரோ என்ற அச்சம் நமக்கு உண்டு. அது வேலியை விற்றுப் பயிரைக் காப்பது போலாகும். தாய்ப்பாலின் ஆயிரம் நன்மைகளுக்கு நடுவே உள்ள ஒரு சிறு குறையை ஓர் ஊசி நிரப்பிவிடுகிறது. அதற்காகப் பாலையே மாற்ற வேண்டுவதில்லை.

இந்நோய் மூன்று காலங்களில் வரக்கூடும் என்று மருத்துவர்கள் பிரித்துக் கூறுவர். பிறந்த 24 மணி நேரத்திற்குள் வருவது ஒன்று. இதற்குப் பெரும்பாலும் தாய் உட்கொண்ட மருந்தே காரணமாக இருக்கும். வலிப்பு நோய்க்கான சில மருந்துகள், காசநோய்க்கான ரிபாம்பிசின் போன்றவை, செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டோர் உட்கொள்ளும் வார்பரின் என்னும் இரத்தம் உறையாமைக்கான மருந்து ஆகியன இச்சத்தின் வேலையைக் கெடுக்கின்றன. இவற்றை உட்கொள்ளும் கர்ப்பிணிகள் தாமாக நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் தாய்க்கே ஆபத்து. மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவ்வளவே.

இரண்டாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை வருவது டவுன்செண்டு எழுதிய பழைய வகை. ஊசி போடாத காலத்தில் பதினாயிரம் குழந்தைகளில் 25 முதல் 170 வரை இதற்கு உள்ளாயின என்று கணக்கிட்டிருக்கின்றனர். தொப்புள், மூக்கு, குடல் ஆகிய இடங்களில் இரத்தம் வரும், கண்ணுக்குத் தெரியும், எனவே மருத்துவரிடம் கொண்டு போவார்கள்.

மூன்றாவது வகைதான் நம்மை அதிகம் கவலைகொள்ளச் செய்வது. இரண்டாம் வாரத்திற்குப் பின் ஆறு மாதம் வரையில், பெரும்பாலும் மூன்று வாரத்திற்கும் எட்டு வாரத்திற்கும் இடையில், தாய்ப்பால் மட்டுமே குடித்துக் கொழுகொழுவென்று இருக்கும் குழந்தைக்கு இது வருகிறது. மேலை நாடுகளில் ஊசி போடாத குழந்தைகளில் ஓர் இலட்சத்துக்கு 4 முதல் 7 வரை என்பர். ஜப்பான், தாய்லாந்து முதலிய ஆசிய நாடுகளில் இது பன்மடங்கு கூடுதலாகக் காணப்பட்டது. எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் இதற்கு உள்ளாகும் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர்க்கு மூளையில் இரத்தம் கசிகிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இறந்துவிடுகிறது. பிழைத்தவற்றுள் பல வலிப்பும் வளர்ச்சிக் குறையும் உடையனவாக வாழ நேர்கிறது. அறிகுறிகளோ ஏமாற்றுவன. குழந்தை வெளிறுகிறது, ஓயாது உறங்குகிறது, அல்லது இடைவிடாது வீறிட்டு அழுகிறது, மார்பில் வாய் வைக்க மறுக்கிறது, வாந்தி எடுக்கிறது, உச்சிக்குழி புடைத்து நிற்கிறது, கை கால் இழுக்கிறது. வீட்டில் இதனை மாந்தம் என்பர், கண்ணேறு என்பர், தோஷம் என்பர். வேப்பிலை அடித்தும் கயிறு கட்டியும் இரண்டு நாள் கழிகிறது. அந்த இரண்டு நாளே குழந்தையின் வாழ்நாளைத் தீர்மானிக்கும் நாட்கள். கயிறு கட்டுவதைக் குறை சொல்ல நாம் முன்வரவில்லை. கட்டுபவர்கள் வண்டியில் மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலேயே கட்டிக்கொள்ளலாம்.

பெரிய இரத்தப் பெருக்குக்கு முன்னால் சில குழந்தைகளுக்குச் சிறு எச்சரிக்கைகள் தோன்றுவதுண்டு. தொப்புளில் நாள் கடந்தும் கசிவு, காரணமின்றி மூக்கில் ஒரு சொட்டு, உடம்பில் நீலப் பொட்டுக்கள், ஊசி போட்ட துளையிலிருந்து நில்லாத கசிவு ஆகியவை அவை. ‘நின்றுவிட்டதே’ என்று அவற்றை மறந்துவிடலாகாது. இன்னொரு குறிப்பும் உண்டு. இச்சத்து கொழுப்பில் கரைவது. குடல் அதனை உறிஞ்சப் பித்தநீர் வேண்டும். பிறந்து பதினான்கு நாளுக்கு மேலும் மஞ்சள் நிறம் மாறாமல், மலம் சுண்ணாம்பு போல் வெளுத்தும் சிறுநீர் மஞ்சளாகத் துணியில் கறை படிந்தும் இருந்தால், பித்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம். அத்தகைய குழந்தைக்கு இரத்தப் பெருக்கும் எளிதில் வரும். வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று வாரக்கணக்கில் காத்திருப்பது தவறு.

வீணாக அஞ்ச வேண்டாதவற்றையும் சொல்லிவிடுவோம். பிறந்த முதல் இரண்டு மூன்று நாள் குழந்தை கரும்பச்சை நிறத்தில் பசைபோல மலங்கழிப்பது இயல்பு, அது இரத்தமன்று. மஞ்சள் நிறமாக மாறிய பிறகு மீண்டும் தாரைப் போலக் கருத்தால்தான் ஐயுற வேண்டும். பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் பிறப்புறுப்பில் சிறிது இரத்தம் காணலாம், தாயின் உடலிலிருந்து வந்த சுரப்புகள் குறைவதால் நேர்வது, தானே நின்றுவிடும். தாயின் முலைக்காம்பு வெடித்திருந்தால் அந்த இரத்தத்தைக் குழந்தை விழுங்கி வாந்தியில் வெளிப்படுத்துவதும் உண்டு. அது தாயின் இரத்தமா குழந்தையின் இரத்தமா என்று காரநீர் கலந்து சோதித்து அறியும் எளிய முறை ஒன்று மருத்துவமனைகளில் உண்டு. குழந்தையின் இரத்தச் சிவப்பு காரத்துக்கு ஈடுகொடுக்கும். தாயினது பழுப்பாக மாறிவிடும். எனவே வாந்தி பட்ட துணியைத் துவைத்துவிடாமல் உடன் எடுத்துச் செல்வது நன்று.

ஊசியைப் பற்றி இனிச் சொல்லலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம் 1961-இல் எல்லாக் குழந்தைகளுக்கும் பிறந்தவுடன் உயிர்ச்சத்து ‘கே’ அளிக்கப் பரிந்துரைத்தது. நம் நாட்டில் மத்திய சுகாதாரக் குடும்பநல அமைச்சகம் 2014-இல் இதற்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆயிரம் கிராமும் அதற்கு மேலும் எடையுள்ள குழந்தைக்கு ஒரு மில்லிகிராம்; அதற்குக் குறைந்த எடையுள்ளதற்கு அரை மில்லிகிராம். தொடையின் முன்பக்க வெளிப்புறத் தசையில் ஒரே முறை போடப்படும். தாயின் மேனியோடு அணைத்து முதற்பால் கொடுத்த பின், பிறந்த நாளிலேயே போட்டுவிட வேண்டும். தசையில் தங்கிச் சிறிது சிறிதாக இரத்தத்தில் கலப்பதால், இந்த ஒரே ஊசி முதல் வாரத்திற்கு மட்டுமன்றி அடுத்த மாதங்களுக்கும் காப்பாகிறது. சில ஐரோப்பிய நாடுகளில் சொட்டு மருந்தாகப் பலமுறை கொடுத்துப் பார்த்தனர். ஒரு வேளை தவறினாலும் காப்புக் குறைகிறது; பித்தநீர் குறைந்த குழந்தைக்குப் பயன்படுவதும் இல்லை. ஊசியே உறுதியானது என்பது பொதுக் கருத்து.

‘பிறந்த பிஞ்சுக்கு ஊசியா?’ என்று பாட்டிமார் கேட்பது இயல்பான பரிவே. அதற்கு விடை சொல்லலாம். ஆனால் ‘இந்த ஊசியால் புற்றுநோய் வருமாமே’ என்று படித்தவர்கள் கேட்பதுதான் வியப்பு. இதன் வரலாறு இது: 1990-இலும் 1992-இலும் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலிருந்து வெளியான ஆய்வுகள், தசையில் ஊசி போடப்பட்ட குழந்தைகளுக்குப் புற்றுநோய் சற்று மிகுதியோ என்ற ஐயத்தை எழுப்பின. பிற நாடுகள் உடனே ஆராய்ந்தன. சுவீடன் நாட்டில் மட்டும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தனர். அத்தகைய தொடர்பு எதுவும் காணப்படவில்லை. ஐயம் எழுப்பிய செய்தி பரவிய வேகத்தில், ஐயம் தீர்த்த செய்தி பரவவில்லை. 1950-களில் நேர்ந்த வேறொரு தீங்கும் உண்மையே. அப்பொழுது வழங்கிய செயற்கையான கே-3 என்ற மருந்தை மிகுந்த அளவில் செலுத்தியதால், சிவப்பணுக்கள் சிதைந்து குழந்தைகளுக்குக் கடும் மஞ்சட்காமாலை கண்டது. அதனாலேயே அம்மருந்தைக் கைவிட்டு, இலைகளில் உள்ள அதே கே-1 வகையை இன்று பயன்படுத்துகின்றனர்.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்க்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். மைசூரில் ரயில்வே பட்டறையிலோ பட்டு ஆலையிலோ வேலை பார்ப்பவரின் மனைவி, ஏழாம் மாதம் சேலத்துக்கோ திண்டுக்கல்லுக்கோ போகிறாள். அங்கே பிள்ளை பிறக்கிறது. மூன்றாம் மாதம் குழந்தையோடு திரும்புகிறாள். மைசூரில் குழந்தைக்கு உடல்நலங் குன்றினால் மருத்துவர் முதலில் கேட்பது, ‘பிறந்தபோது என்னென்ன போட்டார்கள்?’ என்பதே. ‘ஊசி போட்டார்கள்’ என்று தாய் விடை கூறுகிறாள். எந்த ஊசி? காசநோய்த் தடுப்பூசி ஒன்று, கல்லீரல் அழற்சிக்கு எதிரான தடுப்பூசி ஒன்று, போலியோ சொட்டு மருந்து, உயிர்ச்சத்து ‘கே’ என நான்கு பிறந்தவுடன் கொடுக்கப்படுகின்றன. முதல் இரண்டையும் பார்த்தவர்கள் எல்லாம் போட்டாயிற்று என்று எண்ணிவிடுகின்றனர். உயிர்ச்சத்து ‘கே’யைத் ‘தடுப்பூசி’ என்று தமிழில் சேர்த்துச் சொல்லிவிடுவதும் இக்குழப்பத்திற்கு ஒரு காரணம் என்பது நம் கருத்து. அது தடுப்பூசியன்று, சத்து ஊசி. தடுப்பூசி அட்டவணையில் அதனைத் தேடினால் சில அட்டைகளில் காணக் கிடைக்காது. மருத்துவமனையிலிருந்து விடுவிக்கும்போது தரும் சீட்டில்தான் இருக்கும். ஆகவே அந்தச் சீட்டையும், கருநாடகத்தில் ‘தாயி கார்டு’ என்று வழங்கும் அட்டையையும், தமிழ்நாட்டில் தந்த தாய் சேய் நல அட்டையையும் ஒரே உறையில் வைத்துக் குழந்தையோடு எடுத்து வருதல் வேண்டும். வீட்டிலோ, 108 வண்டியில் வரும் வழியிலோ பிறந்த குழந்தைக்கு ஊசி விடுபட்டிருக்கக் கூடும். அன்றே மருத்துவமனையில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

எல்லா இரத்தப் பெருக்கும் இச்சத்தின் குறையால் வருவதன்று என்பதையும் கூறவேண்டும். ஹீமோபிலியாவுக்கு இந்த ஊசி பயன்படாது. தாயின் உடன்பிறந்தானுக்கோ, தாய்வழிப் பாட்டனுக்கோ பல் பிடுங்கியபோது இரத்தம் நில்லாத வரலாறு இருந்தால், பிரசவத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம் தமிழகத்திலும் மைசூர்ப் பகுதியிலும் உண்டு. உறவில் மணந்தோர் மக்களுக்கு, உறைபுரதங்களில் ஒன்று பிறவியிலேயே இல்லாத அரிய நோய்கள் சற்று மிகுதி. 13-ஆம் எண் புரதம் இல்லாத குழந்தைக்குத் தொப்புளில் இரத்தம் நின்று நின்று கசியும். ‘கே’ ஊசி போட்ட பின்பும் கசியும். முன் பிறந்த குழந்தை ஒன்று இவ்வாறு இறந்திருந்தால் அதை மறைக்கக் கூடாது. மறைப்பதற்கு அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மருத்துவர்க்கு அது விலைமதிப்பற்ற தகவல்.

நோய் கண்ட குழந்தைக்குச் சிகிச்சை உண்டு. இரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று சோதித்து, உயிர்ச்சத்து ‘கே’யை நாளத்தில் மெதுவாகச் செலுத்துவர், சில மணி நேரத்தில் உறைதல் சீராகத் தொடங்கும். பெருக்கு மிகுந்திருந்தால் உறைபுரதங்கள் நிறைந்த இரத்தநீரும் ஏற்றுவர். குடலில் கசிந்த இரத்தத்தை இவ்வாறு ஈடு செய்துவிடலாம். மூளையில் கசிந்ததை ஈடு செய்வது கடினம். அதனால்தான் நேரம் இங்கே பெரிதாகிறது.

கன்னடம் நன்கு வராத நம் சகோதரிகள் மருத்துவமனை வாயிலில் திகைத்து நிற்க வேண்டுவதில்லை. இரண்டு வாக்கியங்களைத் தெரிந்துகொண்டால் போதும். பிள்ளை பிறந்த அன்றே செவிலியரிடம், ‘மகுவிகெ விட்டமின் கே இஞ்செக்ஷன் கொட்டித்தீரா?’ என்று கேட்கலாம். ‘மகு’ என்பது நம் ‘மகவு’தான். ‘கொட்டித்தீரா’ என்பது ‘கொடுத்திருக்கிறீர்களா’ என்பதாகும். பின்னர் எப்பொழுதாவது இரத்தம் கசிந்து நிற்காவிட்டால், அவசரப் பிரிவில், ‘ரக்த நில்லுத்தில்ல’ என்று சொன்னால் போதும். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.